ரேடியோவின் கடைசி வசனம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. எந்தத் தங்கச்சி என்று நீங்கள் யோசிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ரேடியோவின் பெண்டாட்டி. வாயைத் திறக்காத மனுஷனுக்கு ரேடியோ என்று பட்டாளத்தில் பெயர் வைத்த குசும்பு உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் என் வாசலில் வந்து நின்றபோது நான் வாயும் வயிறுமாக இருந்தேன். அன்றைக்கு வயிற்றில் இருந்தவனுக்கு இன்று மீசை முளைத்துவிட்டது. வாலு என்றுதான் கூப்பிடுகிறேன். பெயருக்குப் பொருத்தமானவன்.

நான் இன்னும் அதே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன். வாலு லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை பழகுகிறான். கை நிறைய கிரீஸோடு வந்து என் துண்டில் துடைப்பான். திட்டினால் சிரிப்பான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது அண்ணா, வாலுவின் அப்பாவை வைத்து நீங்கள் எழுதிய படத்தை மறுபடி டிவியில் போடும்வரை.

எல்லையில் மறுபடி சண்டை ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை அதைப் போடுகிறார்கள். வாலு ஒருமுறை விடாமல் பார்க்கிறான். அவன் அப்பா மண்மேட்டில் சாய்ந்துகொண்டு சாகிற இடம் வந்தால் எழுந்து நின்றுவிடுகிறான். "எனக்கு ஒரு மகன் பிறப்பான். அவன்கிட்ட சொல்லு, அவன் அப்பன் முதுகைக் காட்டலேன்னு!" இதை அவன் அந்த நடிகரோடு சேர்ந்து சொல்கிறான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அம்மா, நானும் பட்டாளத்துக்குப் போகலாம்னு இருக்கேன்."



அண்ணா, என் வீட்டுக்காரரோடு நான் வாழ்ந்தது கொஞ்ச நாள். ஆனால் அவரை எனக்குத் தெரியும். "சாப்பாடு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ம்" என்பார். அதிகம் பேசிய நாளில் "ம், இருக்கு" என்பார். அப்பேர்ப்பட்டவர் உங்கள் படத்தில் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசிவிட்டுச் சாகிறார். தியேட்டரில் எல்லோரும் அழுதபோது எனக்கு மட்டும், யாரோ ஒருத்தருடைய புருஷன் செத்ததைப் பார்ப்பது போல இருந்தது. அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அவர் உண்மையில் எப்படிச் செத்தார்? அரசாங்கக் கடிதத்தில் "பணியின்போது உயிர்நீத்தார்" என்று இருக்கிறது. நீங்கள் "உடனே போயிட்டான்மா, கஷ்டப்படல" என்றீர்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சாவு அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி இருக்காது என்று எனக்குத் தெரியும், நான் மருத்துவமனைத் துணி துவைக்கிறவள். அதை வாலுவுக்குச் சொல்ல வேண்டும். என் வாயால் சொன்னால் எடுபடாது. நீங்கள் கூட இருந்தவர்.

பதில் போடுங்கள்.

தங்கச்சி


பிப்ரவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். படுத்துக்கொண்டுதான் இருந்தேன். இடுப்பு வலி, பட்டாளம் கொடுத்த ஒரே ஓய்வூதியம் அதுதான், தவறாமல் வருகிறது.

இப்போது ஒரு விடுதி அறையில் கிடக்கிறேன். புதுப் படத்துக்குக் கதை விவாதம். சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டியிருக்கிறோம், ஒரு சீட்டுக்கு ஒரு காட்சி. இடைவேளைச் சீட்டு சிவப்பு. இயக்குநர் தினமும் காலையில் வந்து ஒரு சீட்டைப் பிய்த்து இன்னொரு இடத்தில் ஒட்டுகிறார். மறுநாள் அதைப் பிய்த்துப் பழைய இடத்திலேயே ஒட்டுகிறார். இதற்குப் பெயர் சினிமா. ஸ்டுடியோ வாசலில் வாட்ச்மேனாக நின்ற காலத்தில், உள்ளே என்னவோ தேவலோகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காவல் அறையில் உட்கார்ந்து எழுதிய புத்தகம்தான் என்னை உள்ளே கொண்டுவந்தது, உனக்குத் தெரியுமே. கதவைத் திறந்துவிட்டவன் கதை சொல்ல வந்துவிட்டான் என்று இன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்கிறார்கள்.

ரேடியோவை அந்தப் புத்தகத்தில் வைத்தபோது ஒன்றுதான் நினைத்தேன். அவனை யாரும் மறக்கக் கூடாது. படம் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் தங்கச்சி. பேசாதவனைத் திரையில் எப்படிக் காட்டுவது? அவன் மனதில் இருந்ததை நான் பேசவைத்தேன், அவ்வளவுதான்.

வாலுவைப் பற்றி எழுதியிருந்தாய். இந்த வயதில் எல்லாப் பையன்களும் இப்படித்தான் எகிறுவார்கள். நான் அவனுக்கு நல்லதாக ஒரு கடிதம் எழுதட்டுமா? படிப்பு, தொழில், அம்மாவின் அருமை, எல்லாவற்றையும் வைத்து எழுதினால் மனம் மாறாமலா போகும்? இதெல்லாம் எனக்குக் கை வந்த கலை. கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணாவுக்கு,

நான் ஒன்று கேட்டேன். நீங்கள் சுவரில் ஒட்டிய சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

வழவழ கொழகொழ என்று எழுதிப் பூசி மெழுகுவதற்கு நான் உங்கள் தயாரிப்பாளர் இல்லை. அம்மாவின் அருமையை என் மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், அதை நானே தினமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று அவனுடைய கம்பெனி முதலாளி என்னைப் பார்க்க மருத்துவமனைக்கே வந்துவிட்டார். "பையன் நல்ல வேலைக்காரன்மா, ஆனா இப்பெல்லாம் மனசு இங்க இல்ல. லிப்ட் கூண்டுக்கு மேல நின்னுக்கிட்டு வசனம் பேசறான். கேபிள்ல கை போயிடும்மா, சொல்லி வையுங்க" என்கிறார். நான் என்னத்தைச் சொல்வது?

என் புருஷன் எப்படிச் செத்தார்? சொல்ல முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். அதோடு விட்டுவிடுகிறேன். மென்று விழுங்காதீர்கள்.

தங்கச்சி


மார்ச் 1

தங்கச்சிக்கு,

இதை எழுத உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் நன்றாக வந்துவிட்டது, அதனால்தான் கிழித்தேன். இதில் அடித்தல் திருத்தல் இருக்கும். பொறுத்துக்கொள்.

ரேடியோ சண்டையில் சாகவில்லை. முகாமில்தான் இறந்தான். அன்றைக்குச் சண்டையே இல்லை. ஒரு வாரமாக ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் துணி துவைத்துக்கொண்டும் முடி வெட்டிக்கொண்டும் இருந்தோம். தண்ணீர் வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் பல நாள் தூக்கமில்லாதவன். பின்னால் எடுத்தான். ரேடியோ வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு வாளியில் சட்டையை அலசிக்கொண்டிருந்தான். காற்றும் புழுதியும், ஒரு மண்ணும் தெரியவில்லை. நான் அங்கே இல்லை. சமையல் கூடாரத்தில் டீக்கு நின்றுகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. கஷ்டப்படவில்லை என்று அன்று உன்னிடம் சொன்னது பொய் இல்லை.

கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை. காலையில் என் கூடாரத்துக்கு வந்து "சோப்பு இருக்கா?" என்று கேட்டான். கொடுத்தேன். அவன் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

புத்தகத்தில் முதலில் இப்படியேதான் எழுதியிருந்தேன். பதிப்பாளர் படித்துவிட்டு, "இத்தனை பக்கம் ஒரு மனுஷன்மேல ஆசையை வளர்த்துட்டு, கடைசியில தண்ணி வண்டி ஏத்திக் கொல்றீங்களே சார், வாசகன் புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுடுவான்" என்றார். சரி என்று ஒரு குண்டு வைத்தேன். படமாக எடுத்தபோது இயக்குநர் அந்தக் குண்டும் போதாது என்றார். மண்மேடு வந்தது. பிறகு வசனம் வந்தது. பிறக்கப் போகிற மகன் வந்தான். உன் வயிற்றில் இருந்தவனை நான்தான் அந்த மண்மேட்டில் கொண்டுபோய் வைத்தேன் என்பது உன் முதல் கடிதத்தைப் படிக்கும்வரை என் புத்தியில் உறைக்கவே இல்லை. அப்படியும் இவ்வளவு நாள் மறைத்துப் பார்த்தேன்.

இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துத்தான் பிரித்தேன். வீட்டில் பிரிக்கப் பயமாக இருந்தது. பெரிய உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலில் அழுதாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணா. சோப்பு இருக்கா என்று கேட்டாரா? அவர்தான். சத்தியமாக அவரேதான். கல்யாணமான மறுநாள் காலையில் என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சும் இப்படித்தான் ஏதோ துண்டு இருக்கா, வாளி இருக்கா என்று. இருபது வருஷமாக எனக்கு அவர் முகம் சரியாக நினைவுக்கு வராமல் அந்த நடிகருடைய முகம்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என் புருஷன் வந்தார். குனிந்து சட்டையை அலசிக்கொண்டு வந்தார்.

என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கிற அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி, சிரிக்கிறியா அழறியா, ஒண்ணு பண்ணு, துணி தரையில படுது" என்று சத்தம் போட்டாள். இரண்டும்தான் என்றேன். பிறகு நன்றாக அழுதேன். இப்படியா ஒரு மனுஷன் போக வேண்டும்? திட்டுவதற்குக்கூட ஒரு எதிரி இல்லை. தூக்கம் கெட்ட ஒரு ஓட்டுநர். அவனைப் போய் நான் என்னவென்று திட்டுவது?

வாலுவிடம் படித்துக் காட்டினேன். ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். கடைசிவரை கையை நிறுத்தவில்லை. முடித்ததும், "இன்னொரு தடவை படி" என்றான். படித்தேன். "இது நீ சொல்லி அவர் எழுதினது" என்றான்.

"உன் தலையில அடிச்சுச் சொல்றேன்டா, நான் ஒரு வார்த்தை சொல்லித் தரல."

"அவர் கதை எழுதறவர்தானேம்மா. நான் போகணும்னா ஒரு கதை எழுதுவார், போகக் கூடாதுன்னா ஒரு கதை எழுதுவார்."

எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் வீட்டில் அவன் பேசுவதே குறைந்துவிட்டது. டிவியைப் போடுவதும் இல்லை. எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது. உள்ளே இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டாளத்தில் ஆள் எடுக்க அடுத்த மாதம் வருகிறார்களாம். அதற்குள் நீங்கள் நேரில் வந்து அவன் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். காகிதத்தில் இருப்பதை நம்ப மாட்டான், கண்ணைப் பார்த்துச் சொன்னால் நம்புவான்.

இடுப்பு வலி என்று சாக்குச் சொல்லாதீர்கள். ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். உங்களுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போடுகிறேன்.

தங்கச்சி


மார்ச் 26

அண்ணாவுக்கு,

நீங்கள் இங்கே வந்துவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. இப்போதும் எள்ளும் கொள்ளும்தான் வெடிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நன்றாகத்தான் ஆரம்பித்தீர்கள். அவனை எதிரில் உட்காரவைத்து, "உங்கப்பா என் கண்ணு முன்னாடி சாகலடா, நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று நீங்கள் சொன்னபோது அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உயிர் வந்தது. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வண்டியைச் சொன்னீர்கள், புழுதியைச் சொன்னீர்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாமே! "நான் ஓடிப்போனப்ப அவன் என் கையைப் பிடிச்சான்பா. குழந்தைக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு கேட்டான்" என்று சொன்னீர்களே, எங்கிருந்து வந்தது அது?

வாலு நிமிர்ந்து பார்த்தான். "கடிதத்துல, நீங்க போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்னு எழுதியிருந்தீங்களே மாமா?" என்றான். உங்கள் முகத்தைப் பார்த்தால், திருடிவிட்டு மாட்டிய ஆளின் முகம் மாதிரி இல்லை, தான் என்ன சொன்னோம் என்று தனக்கே தெரியாத ஆளின் முகம் மாதிரி இருந்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவனுடைய கம்பெனிப் பையன்கள் படம் எழுதியவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டமாக வந்துவிட்டார்கள். என் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. "சார், அந்த வசனத்தை நீங்க ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றான் ஒருத்தன். வேண்டாம் என்றீர்கள். இன்னொருத்தன் தப்பும் தவறுமாகச் சொல்லிக் காட்டினான். "அப்படி இல்லப்பா, 'முதுகை'ங்கிற இடத்துல நிறுத்தணும்" என்று திருத்தினீர்கள். அவன் மறுபடி சொன்னான், அதுவும் சரியில்லை. அப்புறம் எழுந்து நின்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! முழுசாக! அந்த நடிகரைவிட நன்றாகச் சொன்னீர்கள் அண்ணா. எனக்கே ஒரு நிமிஷம் மயிர்க்கூச்செறிந்தது. பையன்கள் கைதட்டினார்கள். வாலு மட்டும் தட்டவில்லை, உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தடுக்க வந்தவர் நீங்கள்.

தங்கச்சி


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

நீ எழுதியதில் ஒரு வரியையும் மறுக்க எனக்கு வாய் இல்லை.

கையைப் பிடித்தான் என்று நான் சொன்னதை வாலு கேட்ட பிறகுதான் கவனித்தேன் என்றால் நம்புவாயா? அந்த அறையில் பையன் தலையைக் குனிந்தான். எதிரில் இருப்பவன் தலை குனிந்தால் அடுத்து என்ன வர வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியும். எத்தனை வருஷம் இதே பிழைப்பு. இயக்குநர் தலை குனிந்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் வை, தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு சாவு வை. வாய் தானாக வைத்துவிடுகிறது.

ரயிலில் திரும்பி வரும்போது அந்த முகாமை நினைத்துப் பார்த்தேன். நடந்ததை மட்டும், ஒன்றும் சேர்க்காமல். முடியவில்லை. தண்ணீர் வண்டி வருகிறது, புழுதி பறக்கிறது, நான் ஓடுகிறேன். கீழே கிடப்பவனைப் புரட்டினால் அந்த நடிகர். ஒப்பனையோடு கிடக்கிறார். உனக்காவது சோப்பு என்று ஒரு வார்த்தை கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பி வந்தான். எனக்கு வர மாட்டேன் என்கிறான். அவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான். எழுதி எழுதி அவனை எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

சும்மா இருக்கவில்லை. நீ அப்படி நினைக்கக் கூடாது. படத்தை இனி டிவியில் போட வேண்டாம் என்று தயாரிப்பாளரிடம் போய்க் கேட்டேன். "ஐயா, இப்பதான் நல்லா ஓடுது" என்றார். அதோடு விடாமல் இரண்டாம் பாகம் எழுதச் சொன்னார். ரேடியோவின் மகன் பட்டாளத்தில் சேருகிறானாம். அவர் உன்னைப் பார்த்ததில்லை, வாலுவைப் பார்த்ததில்லை. தானாகவே அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. நான் மேசையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் எழுந்து சலாம் வைத்தான். அவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அடுத்த நாளே அந்த இரண்டாம் பாகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். நான் மறுத்தால் நின்றுவிடுகிற அளவுக்கு இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை.

பட்டாளத்து ஆள் சேர்ப்பு அலுவலகத்துக்கும் எழுதினேன். ஒரே பிள்ளை, தகப்பன் பணியில் இறந்தவன், அவனை எடுக்காதீர்கள் என்று. பதில் வந்தது. என் படத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி முகாமில் முதல் வாரம் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டுகிறார்களாம்.

அவனுக்கு மறுபடி நான் எழுதட்டுமா? வேண்டாம் என்றால் எழுதவில்லை. என்ன செய்யச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதுதான் நான் கேட்பது.

வாலு ஒரு வாரமாக ஒழுங்காக வேலைக்குப் போகிறான். எங்கள் மருத்துவமனை லிப்ட் இரண்டு நாளாக மாடிக்கும் தரைக்கும் நடுவில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. அவனும் அவன் முதலாளியும் வந்துதான் சரிசெய்தார்கள். என்னைக் கூட்டிப் போய் மேலும் கீழும் ஏற்றி இறக்கிக் காட்டினான். "குலுங்குதாம்மா? குலுங்கல பாத்தியா?" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டாளம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆள் எடுக்கிற நாளும் இன்னும் சில நாளில் வந்துவிட்டுப் போய்விடும். நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊதினால் அணைந்துவிடுமோ என்று இருக்கிறது.

கோபம் குறைந்திருக்கிறது. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தங்கச்சி


மே 30

அண்ணாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். எழுதும்படி ஒன்றும் நன்றாக இல்லை.

லிப்ட் சரிசெய்தான் என்று உங்களுக்கு எழுதினேனே, அதற்கடுத்த வாரமே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். என்னிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வரிசையில் போய் நின்றிருக்கிறான். அதே மாதக் கடைசியில் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டான். எல்லையில் ஆள் போதவில்லையாம், அதனால் பயிற்சியைச் சுருக்கிவிட்டார்கள். இரண்டு நாள் விடுமுறையில் வந்துவிட்டு நேற்று நேராக எல்லைக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டான்.

அவன் சொன்னதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று யோசித்தேன். எழுதாமல் வைத்துக்கொண்டால் எனக்கு மூச்சு முட்டுகிறது. எனக்கு இதைச் சொல்ல உங்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

துணிகளை மடித்து அவன் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்காமல் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "டேய், அந்தப் படத்தை நம்பிப் போகாதடா. மாமா எழுதினதுதான்டா நெஜம்" என்றேன்.

"தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"மாமா கடிதத்துல எழுதினதுதான் நெஜம்னு, நீ முதல் தடவை படிச்சப்பவே தெரியும். பொய்யா இருந்தா இதைவிட நல்லா எழுதியிருப்பார்."

"அப்ப ஏன்டா நான் சொல்லி எழுதினதுன்னு சொன்னே?"

என் கையிலிருந்த பனியனை வாங்கி அவனே மடித்தான். பிறகு சொன்னான்: "அதுக்கு முன்னாடி நான் போறதா முடிவே பண்ணலம்மா. சும்மா உன்னைச் சீண்டிக்கிட்டு இருந்தேன். போயிருக்கவே மாட்டேன்னு நினைக்கிறேன். அப்பா பெரிய ஆளு, அது போதும், நான் லிப்ட் பார்த்துக்கிட்டு இருக்கலாம்னுதான் இருந்தேன். நீ அதைப் படிச்சுக் காட்டினப்புறம் என்னால முடியல. தண்ணி வண்டி மோதிச் செத்தார்னு வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? அப்ப அப்பான்னு எனக்கு எதுவுமே இல்லையே. நான் போனாலாவது ஏதாவது ஒண்ணு நெஜமாகும்."

"அவர் சோப்பு கேட்டார்டா, அது நெஜம்டா, அது உங்கப்பாடா" என்றேன். எப்படிச் சொல்வது அண்ணா? எனக்கு அந்த ஒரு வார்த்தையில் முழு மனுஷனும் கிடைத்தார். அவன் அவரோடு ஒருநாளும் இருந்ததில்லையே. அவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? அவன் என்னைப் பாவம் என்பது போலப் பார்த்தான்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் முதலில் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தீர்கள். நான்தான் விடாமல் கேட்டேன்.

ஸ்டேஷனில் ஒரே கூட்டம். எல்லாம் இவன் வயசுப் பையன்கள். ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டான். வண்டி கிளம்பியதும் கையை வெளியே நீட்டி ஆட்டினான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அழுதாள், அவள் பையன் முகம் சுளித்ததைப் பார்த்தேன். அதனால் நான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். அவன் கண்ணுக்குத் தெரிகிறவரை சிரித்தேன்.

தங்கச்சி